சாய்வு சைக்கிளின் பாகங்களைப் பூட்டுவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாய்ந்தமர்ந்து ஓட்டும் 'ரிகம்பென்ட்' சைக்கிள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 1933 ஜூலையில் ஃபிரான்சிஸ் ஃபோர் அத்தகைய வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டியதையும், மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அவ்வகை வண்டியைப் போட்டிகளிலிருந்து விலக்கியதையும் நன்றாக விளக்கியது. அந்த விலக்கலின் பின்விளைவு ஒன்றை வாங்குவோர் இன்றும் சுமக்கிறார்கள் என்பது என் எண்ணம். சாதாரண சைக்கிளுக்கு அமைந்ததுபோல் பொதுவான ஒரு வடிவம் இவ்வண்டிக்கு நிலைபெறவில்லை; எனவே, அதன் பாகங்களைப் பூட்டி வண்டியாக்கும் முறையும் பலருக்குப் பிடிபடுவதில்லை.

பிறர் பூட்டிய வண்டிகளைச் சரிசெய்து கொடுத்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'கியர் தாவுகிறது', 'செயின் கழல்கிறது' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கியர் காரணமன்று, வேலைகளைச் செய்த வரிசையே காரணம். இவ்வண்டியில் பெடலும் அதைத் தாங்கும் கிராங்க் தண்டும் முன்னால் நீண்டிருக்கும் ஒரு குழாயின் நுனியில் இருக்கின்றன. ஓட்டுபவரின் கால் நீளத்துக்கேற்ப அக்குழாயை இழுக்கவோ உள்ளே தள்ளவோ வேண்டும். அதை ஒரு சென்டிமீட்டர் நீட்டினால், மேலும் கீழுமாகச் செயினுக்கு இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகத் தேவைப்படும். இது தெரியாமல் முதலிலேயே செயினை அளந்து வெட்டிவிட்டு, பிறகு முன்குழாயை நகர்த்துவோருக்கு, அதன்பின் கியர் மாற்றியின் திருகுகளை எவ்வளவு திருகினாலும் பயன் இல்லை.

முதலில் இருக்கையை இறுக்கி, ஓட்டும்போது அணியும் செருப்பு அல்லது ஷூவுடன் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் முழுதாக நீளும் அளவுக்கு முன்குழாயை அமைக்க வேண்டும். பிறகு எதிரே சற்றுத் தள்ளி நின்று, கிராங்க் அச்சும் பின்சக்கர அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். முன்குழாய் சிறிது திரும்பியிருந்தாலும் முன் கியர் மாற்றி செயினுக்குக் கோணலாக நிற்கும். இருக்கையின் முதுகில் ஊன்றி மிதிப்பதால் இங்கே காலின் விசை அதிகம். ஆகவே பிடிப்பு போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கி, குழாய் நுழையும் இடத்தில் ஒட்டுநாடாவால் அடையாளமிட்டுக்கொண்டால், முதல் ஓட்டத்திலேயே அது நகர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.

செயின் வேலை இதற்குப் பின்புதான். பல வண்டிகளில் சாதாரண சைக்கிளைப்போல் இரண்டரை மடங்கு நீளச் செயின், ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளை இணைத்து, பிளாஸ்டிக் குழாய்கள் வழியாகச் செல்கிறது. அக்குழாய்க்குள் செயின் ஒரு முழுச் சுற்று முறுக்கிக்கொண்டாலும் வெளியிலிருந்து தெரியாது. இணைப்பதற்கு முன் இரு முனைகளையும் தளர்வாகத் தொங்கவிட்டால் முறுக்கு தானே அவிழும். பெடல் ஏறக்குறைய ஏழு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் 'டக்' என்று கேட்டால், இணைத்த இடத்தில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது என்று பொருள். செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றிவர ஏறத்தாழ அவ்வளவு மிதி ஆகும். அக்கண்ணியைக் கையால் பக்கவாட்டில் மெல்ல வளைத்தாலே போதும். மாறாக, விடாமல் உறுமும் சத்தம் செயினைத் திசைதிருப்பும் ஐட்லர் உருளையிலிருந்து வரும். மிதிக்கும்போது இழுபடும் மேற்செயின் அதன் உரிய பள்ளத்தில், நேர்கோட்டில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்றவை சிறியவைதாம். இடப்பக்கப் பெடலுக்கு இடமரை (வழக்கத்துக்கு எதிராக, இடப்புறம் திருகினால் இறுகும் மரை) என்பது எல்லாச் சைக்கிளுக்கும் உள்ளதே. 20 அங்குலம் என்று விற்கப்படும் டயர்களில் ரிம்மில் அமரும் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கும் 406, 451 என இரு அளவுகள் உண்டு. ஒன்றின் ரிம்மில் மற்றது ஏறாது. நீண்ட கேபிள் தேவைப்படும் இடத்தில் பிரேக் கேபிளின் உறையைக் கியருக்குப் போட்டால், அது அழுத்தத்தில் சுருங்கிக் கியரின் துல்லியத்தைக் கெடுக்கும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போடுவதோ ஆபத்தானது. முன்னால் இரு சக்கரம் கொண்ட வகையில், டயர் விரைவில் தேய்ந்தால், கைப்பிடியை நேராக வைத்து, இரு சக்கரங்களின் இடைவெளியை அச்சின் உயரத்தில் முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட வேண்டும்.

தயாரிப்பாளர்கள் இந்த வரிசையைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே, செயின் வெட்டும் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்