‘டப்’ ஓசை கேட்ட நொடியில் என்ன நடந்தது?

இசை மென்பொருள்களை உருவாக்குவோருக்கு,

வணக்கம். வீட்டின் ஓர் அறையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். சென்ற மாதம் மூத்த வயலின் கலைஞர் ஒருவர் வந்திருந்தார். தோடி ஆலாபனை. இருபதாவது நிமிடத்தில், அவர் மேல் ஸ்தாயியில் நின்றபோது, ‘டப்’ என்று ஒரு வெடிப்பொலி. சற்று நேரத்தில் இன்னொன்று. மீண்டும் வாசிக்க முடியுமா என்று தயங்கிக் கேட்டேன். முகம் சுளிக்காமல் வாசித்தார். ஆனால் முதல் முறை வந்த அந்த இடம் திரும்ப வரவில்லை.

மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். தங்கள் கணினியில் அப்படி நேரவில்லை, எப்படி வரவழைப்பது என்று சொல்லுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஓர் ஓசை மட்டுமே. அதை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்? மென்பொருள் தான் செய்வதையெல்லாம் நேரத்தோடு குறித்து வைக்கும் லாக் கோப்பு ஒன்று கையில் இருந்திருக்க வேண்டும். (‘பதிவு’ என்றால் எங்கள் தொழிலில் ஒலிப்பதிவு என்று ஆகிவிடும், அதனால் லாக் என்றே எழுதுகிறேன்.)

காதுக்கு எல்லா வெடிப்பொலியும் ஒன்றுதான். காரணங்கள் வேறு வேறு. நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், பஃபர் (ஒரு தடவையில் கணக்கிடும் துண்டின் அளவு) 128 மாதிரிகள் என்று வைத்தால், அடுத்த துண்டு ஒலியைக் கணக்கிடக் கணினிக்குக் கிடைப்பது சுமார் 2.7 மில்லி நொடி. ஏதோ ஒரு பிளக்-இன் (ஒலியை மாற்றியமைக்கச் சேர்க்கும் துணை மென்பொருள்) அதைத் தாண்டினால் ஒலி அறுபடும். வட்டில் எழுதுவது மிகவும் பின்தங்கினாலும் அறுபடும். இரண்டு டிஜிட்டல் கருவிகள் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றாமல் ஓடினாலும் அறுபடும்; அப்போது ஓசை பெரும்பாலும் சீரான இடைவெளியில் வரும். ஆகவே ஒரு விசையும் கொடுங்கள்: ஓசை கேட்டதும் நான் அதை அழுத்தினால், லாக்கில் அந்த நேரம் குறிக்கப்படட்டும். அந்த இடைவெளிகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

லினக்ஸில் ஜாக் ஒலிச் சேவையகம் இத்தகைய தவறல்களை ‘எக்ஸ்ரன்’ என்று பெயரிட்டுத் தெரிவிக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் தவறியது எத்தனை முறை என்பதைவிட, எந்தத் தடத்தில் எந்த பிளக்-இன் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதுதான் எங்களுக்குத் தேவை.

லாக் எழுதுவதே ஒலியை அறுத்துவிடும் என்பீர்கள். ஒலியைக் கணக்கிடும் இழையே (மென்பொருளுக்குள் தனியாக ஓடும் வேலைத் தொடர்) கோப்பையும் எழுதினால் அறுக்கும்தான். ஒலிப்பதிவு செய்யும்போது நீங்கள் அப்படியா எழுதுகிறீர்கள்? முன்கூட்டியே ஒதுக்கிய வளையப் பஃபரில் (சுற்றிச் சுற்றிப் பயன்படும் தற்காலிக நினைவிடம்) ஒலியைப் போட்டுவிட்டு, வேறோர் இழையைக் கொண்டு வட்டில் எழுதுகிறீர்கள். லாக்குக்கும் அதே வழி போதும். பஃபர் நிரம்பினால் சில வரிகள் போகட்டும். எத்தனை வரிகள் போயின என்று மட்டும் குறித்துவிடுங்கள். எந்தச் சுரம் எப்போது வாசிக்கப்பட்டது என்ற செய்திகளைக் கருவியிலிருந்து கொண்டுவரும் மிடி கேபிளின் வேகம் நொடிக்கு 31,250 பிட். மூன்று பைட் செய்தி ஒன்று வந்து சேரவே ஏறத்தாழ ஒரு மில்லி நொடி ஆகும். அந்தச் செய்திகளை முழுவதுமாக லாக்கில் எழுதினாலும் பெரிய சுமையில்லை.

பிளக்-இன்களை ஏற்றும்போது மட்டும் முறை வேறாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஏற்றுவதற்கு முன்பே எழுதி, உடனே வட்டில் சேர்த்துவிடுங்கள். மென்பொருள் சட்டென்று மூடிக்கொண்டால், கடைசி வரியில் இருக்கும் பெயரிலிருந்து தேடலைத் தொடங்கலாம். இன்று பிளக்-இன்களை ஒவ்வொன்றாக அகற்றிப் பார்த்தே எங்கள் இரவுகள் கழிகின்றன.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். கோப்புகளின் பெயர்களில் கலைஞர்களின் பெயர்கள் இருக்கும், வெளிவராத பாடல்களின் பெயர்கள் இருக்கும். லாக் எங்கள் கணினியிலேயே, நாங்கள் படிக்கக்கூடிய எளிய உரைக்கோப்பாக இருக்கட்டும். படித்துப் பார்த்து, நீக்க வேண்டியதை நீக்கிவிட்டு நாங்களே அனுப்புகிறோம்.

சோதனைப் பதிப்பு வந்தால் அனுப்புங்கள். என் பழைய கணினியில், பஃபரை 64க்கு இறக்கி, மணிக்கணக்கில் ஓடவிட்டு லாக்கை அனுப்பிவைக்கிறேன். வயலின் கலைஞர் மார்கழிக்குப் பிறகு மீண்டும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
வீட்டு ஒலிப்பதிவாளர் ஒருவர்