சீடை உருட்டட்டும், அப்புறம் பென்சில் பிடிக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மழலையரின் கைத்திறன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்துக்கு முன்னால் விளையாட்டால் கை தேற வேண்டும் என்று அதில் சொன்னது சரிதான். ஆனால் கூடவே போட்டிருந்த படங்களில் காந்த மீன், மரப் புதிர், வண்ணக் களிமண் டப்பா என்று எல்லாமே காசு கொடுத்து வாங்குகிற சாமான்கள். என் மருமகள் பக்கத்தை நீட்டி, "அத்தை, இதெல்லாம் ஆர்டர் போட்டுரவா?" என்று கேட்டாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் 28 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பெரிய வீடு ஒன்றின் பின்கட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர்கள் வெளியூரில், பார்த்துக்கொள்வது நாங்கள்.

பேரனுக்கு மூன்றரை வயது. பள்ளியில் தினமும் ஒரு பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள்: ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன். பென்சிலை உலக்கை மாதிரி முஷ்டியில் பிடிக்கிறான். தோள் காதுவரை ஏறிவிடும், நாக்கு வெளியே துருத்திக்கொண்டு வரும், நாலாவது கோட்டில் முனை ஒடியும். போன வாரம் டயரியில் 'பயிற்சி போதாது' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே சுமார் ஒன்பது, பத்து வயதாகும். அதுவரை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோள் முதலில் உறுதிப்பட வேண்டும், பிறகு முழங்கை, மணிக்கட்டு, விரல்நுனி கடைசி. நாம் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறோம். நானும் செய்ததுதான். பெற்றோர் கேட்கிறார்கள் என்று மூன்று வயசுப் பிள்ளைகளின் கையைப் பிடித்து சிலேட்டில் 'அ' போட வைத்திருக்கிறேன். அதே பிள்ளைகளை வேப்பமரத்தடியில் ஓடவும் தொங்கவும் விட்டிருந்தால் கை தானாகத் தேறியிருக்கும்.

அதனால் இப்போது வீட்டில் வேறு மாதிரி. மாலையில் நோட்டை எடுக்கும் முன் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், ஆட்டம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. பூப்போட்ட கல்லில் மட்டும் கால் வைக்க வேண்டும், ஓரக்கல்லை மிதித்தால் அவுட். இரண்டு காலில் தாவுவான், ஒற்றைக்காலில் நிற்கப் பார்ப்பான், கவிழ்ந்து விழுந்து சிரிப்பான். (ஈரம் பட்டால் அந்தக் கல் வழுக்கும். துடைத்த பிறகுதான் ஆட்டம்.) உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்குப்படி மூன்று, நான்கு வயதுக்கு நாள் ஒன்றுக்கு 180 நிமிடம் உடலசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி. நாற்காலியில் உட்கார்த்தி வைத்து அதை எட்ட முடியாது.

அப்புறம் சுவர் வேலை. பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்தால் கொல்லைப்புறச் சுவரில் மேலும் கீழும் கோடு இழுப்பான். நின்றுகொண்டு நிமிர்ந்த பரப்பில் வரையும்போது தோளும் மணிக்கட்டும் சேர்ந்து வேலை செய்யும். கோடு காய்ந்து மறைந்ததும் மறுபடி இழுப்பான். முன்கட்டுப் பளபளப்புச் சுவரில் மட்டும் கை வைக்க விடமாட்டேன், வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்வது!

எனக்கு ரொம்பப் பிடித்தது சீப்புச் சீடை. நான் பலகாரம் சுற்றும்போது அவனுக்கும் ஒரு உருண்டை மாவு. பட்டையாகப் பிழிந்த துண்டைச் சுட்டுவிரலில் சுற்றி, இரண்டு முனையையும் ஒட்டிக் கழற்ற வேண்டும். முதல் நாள் எல்லாம் பிய்ந்துபோனது. ஐந்தாறு நாளில், கழற்றும்போது பெருவிரலால் மெதுவாகத் தள்ளினால் வளையம் உடையாது என்று அவனே கண்டுபிடித்தான். யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பெருவிரலும் சுட்டுவிரலும் சேருகிற இடம்தான் பின்னால் பென்சில் உட்காரப்போகிற இடம்.

பல்லாங்குழியும் அப்படித்தான். 14 குழி. உள்ளங்கை நிறையச் சோழியை அள்ளி, மற்றதைச் சிந்தாமல் ஒவ்வொன்றாக விரல்நுனிக்குக் கொண்டுவந்து போட வேண்டும். ஆட்ட விதி அவனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். போட்டுக்கொண்டே போவதுதான் விளையாட்டு. ஆனால் பக்கத்தில் பெரியவர் உட்கார வேண்டும். எங்கள் மையத்தில் ஒரு பிள்ளை புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டு, நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூன்று வயதுக்குக் கீழே இந்தச் சின்னச் சாமான் எதுவும் வேண்டாம்.

சட்டைப் பொத்தானைத் தானே கழற்றுவது, தண்ணீரைச் சொம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றுவது, இதெல்லாம் புதுசு இல்லை. 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி அம்மையார் சொன்னதும் இதைத்தானே. கொஞ்சம் சிந்தும், துணியைக் கையில் கொடுத்தால் அதையும் அவனே துடைப்பான்.

எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி தேறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நாலு வயது தாண்டியும் அடிக்கடி விழுகிறான், ஒரு கையைப் பயன்படுத்துவதே இல்லை, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு பரிசோதனைக்கு வரும், அவர்களிடமும் சொல்லலாம். சீடை உருட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரையைப் பெற்றோருக்கு மட்டும் எழுதாமல், பள்ளி நடத்துகிறவர்களுக்கும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிரீகேஜி பிள்ளைக்கு நோட்டு எதற்கு என்று நான் கேட்டால் 'பாட்டி, சிலபஸ்' என்கிறார்கள். உங்கள் பத்திரிகையில் வந்தால் படிப்பார்கள். மருமகள் இன்னும் ஆர்டர் போடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
காரைக்குடி