கடைமடை உப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதச் சுணங்கியது சோம்பலால் இல்லை, வாய்தாவால். மாதம் ஒரு நாள் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் காத்துக் கிடக்கிறேன். பென்ஷன் வாங்குகிற வயதில் வக்கீலாகிவிட்டார் என்று வீட்டில் கேலி.

தண்ணீர் வந்ததா என்று கேட்டிருந்தாய். மேட்டூரை ஜூன் 12இல் திறந்தாலும் நம் கடைமடைக்கு எட்டுவதற்குள் பாதி ஆடி போய்விடுகிறது. அது பழைய கதை. புதுக் கதை இறால் குட்டை. குட்டைக் கழிவை நம் வடிகாலிலேயே விடுகிறார்கள். கதவு பழுதான வடிகால். கடல் ஏறும்போது அந்தத் தண்ணீர் எதிர்த்து வயலுக்குள் வந்துவிடுகிறது. நாம் நுங்கு தின்ற பனந்தோப்பு மேட்டை ஒட்டிய வயலில் கோடை முழுக்க உவர் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. இந்த வருடம் அங்கே நாற்று விட்டுப் பார்த்தோம். பத்தாம் நாளே நுனி கருகிவிட்டது.

"மனு கொடுத்து என்ன கிழிக்கப் போகிறாய்?" என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு வருடம் மனு கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு ரசீது, அப்புறம் "தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்று ஒரு வரி. அந்த ரசீதுகளை நான் பத்திரமாக வைத்திருந்தது ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்தேன். நம்ம தெருவில் சட்டம் படித்த பெண் ஒருத்தி வந்துதான் கண்ணைத் திறந்தாள். சென்னையில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது, ஆனால் பிரச்சினை தொடங்கி ஆறு மாதத்துக்குள், மிஞ்சினால் இன்னும் 60 நாளுக்குள் போக வேண்டுமாம். நாம் அந்தக் கெடுவை மனுவிலேயே தொலைத்திருந்தோம். இழப்பீடு கேட்க மட்டும் ஐந்து வருடம் உண்டு என்றாள்.

சரி, இங்கேயே என்ன செய்யலாம் என்று கேட்டபோது பொதுத் தொல்லை என்றாள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவு; 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 152ஆம் பிரிவு. கோட்டாட்சியர் நடுவராக உட்கார்ந்து, தொல்லையை நீக்கு, இல்லாவிட்டால் வந்து காரணம் சொல் என்று உத்தரவு போடலாம். ரத்லம் என்ற ஊரில் திறந்த சாக்கடைக்காக மக்கள் இப்படித்தான் நடுவரிடம் போனார்கள். பணம் இல்லை என்று நகராட்சி கைவிரித்ததை 1980இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. மனுவுக்கு யாரும் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம். விசாரணை தொடங்கிவிட்டால் எதிர்த் தரப்பு வந்துதான் ஆக வேண்டும்.

நாங்களும் அப்படியே கோட்டாட்சியரிடம் போனோம். முதல் வாய்தாவில் பண்ணைக்காரரையும் அதிகாரிகளையும் உள்ளே கூப்பிட்டார்கள். எங்களை, "நீங்க யாரு?" என்றார் எழுத்தர். வயல் எங்களுடையது! அன்றைக்கே எங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். மகளிர் குழுவிலிருந்துதான் அதிகக் கையெழுத்து. ஒருவர் மட்டும் போட மறுத்தார். "நெல்லு என்ன மிச்சம் வைக்குது? குத்தகைப் பணமாவது கையில வருது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, பத்து பசலிக்கு, அதாவது பத்து வருவாய் ஆண்டுக்கு, எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் கணக்கின் நகல் வாங்கினேன். சம்பா, சம்பா என்று வந்து கடைசி மூன்று பசலியில் தரிசு. மண் பரிசோதனைச் சீட்டையும் சேர்த்தோம். ஆனால் விசாரணையில் எடுபட்டது வேறு. மகளிர் குழுவில் ஒரு அம்மா தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "குடிச்சுப் பாருங்க சார்" என்றார். கோட்டாட்சியர் குடிக்கவில்லை. ஆனால் வாக்குமூலமாக எழுதச் சொன்னார். கைநாட்டும் வாங்கினார்கள்.

அடுத்த மாதமே அவருக்கு மாற்றல். நீ சிரிப்பாய், தெரியும். புதியவர் கோப்புக் கட்டைப் பிரித்து அந்த வாக்குமூலத்திலிருந்துதான் கேட்க ஆரம்பித்தார். இரண்டு வருட மனுவுக்கு இல்லாத ஆயுள் அந்த ஒரு தாளுக்கு இருந்தது.

காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா காலம் நினைவிருக்கிறதா? இறால் பண்ணைக்கு எதிராக அவர் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தபோது நீதான் தெருவுக்கே ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாய். அப்புறம் 2005இல் தனிச் சட்டம் கொண்டுவந்து கடலோர இறால் வளர்ப்புக்கு மறுபடி வழி விட்டார்கள். அதிலிருந்து நீ இந்தப் பேச்சையே விட்டுவிட்டாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பண்ணை வரைபடத்தைப் போன வாய்தாவில் பார்த்தேன். உங்கள் அப்பா பேரில் இருந்த ஒண்ணரை மா நிலமும் குட்டைக்குள் இருக்கிறது. உன் தம்பி குத்தகைக்கு விட்டிருக்கிறான். உனக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பட்டாவில் உன் பெயரும் உண்டு.

அடுத்த வாய்தா 18ஆம் தேதி, காலை பதினொரு மணி. முதல் நாளே வந்துவிடு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

உன் பழைய பெஞ்சுக்காரன்