கேதார்நாத் யாத்திரை ஏற்பாட்டாளர்களுக்கு: நம்மைச் சுமக்கும் குதிரைகளுக்குத் தடுப்பூசி கேளுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் கேதார்நாத்துக்கு அடியார்களை அழைத்துச் செல்லும் யாத்திரைக் குழுத் தலைவர்களுக்கும், டிராவல்ஸ் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் எவ்வளவு ஏங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கௌரிகுண்டிலிருந்து கோயில் வரை 16 கிலோமீட்டர். கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். முட்டிவலி உள்ள ஒரு அம்மா அங்கே ஏறுகிறார் என்றால், அவரைச் சுமந்து ஏறுவது பெரும்பாலும் ஒரு மட்டக்குதிரை, அல்லது கோவேறு கழுதை. உங்கள் விளம்பரத் தாளில் ‘குதிரை வசதி உண்டு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2025 யாத்திரை தொடங்குவதற்கு முன்பே, கேதார்நாத் இருக்கும் ருத்ரபிரயாக் மாவட்டத்துக் குதிரைகளிடம் குதிரைக் காய்ச்சல் (எக்வைன் இன்ஃப்ளூயன்சா) கண்டுபிடிக்கப்பட்டது. ஏப்ரல் மாதத்தில் ஏறத்தாழ 16,000 குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் அரசு பரிசோதித்தது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மலை ஊர்களில் அத்தனை விலங்குகளிடம் ரத்தமும் சளியும் எடுப்பது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மே 2ஆம் தேதி நடை திறந்தது. மே 4, 5 ஆகிய இரண்டே நாட்களில் 14 விலங்குகள் அந்தப் பாதையில் இறந்தன. ஒரு நாள் முழுக்கக் குதிரைச் சவாரியை நிறுத்தினார்கள். காய்ச்சலால் மட்டும் பொதுவாக இப்படி இறப்பதில்லை, பாக்டீரியா தொற்றாக இருக்கலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

காய்ச்சலால் மட்டும் வளர்ந்த குதிரை சாவது அரிது என்பது உண்மைதான். ஆனால் இந்த வைரஸ் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் மெல்லிய மயிரிழைகள் உண்டு. வைரஸ் அந்தப் படலத்தையே உரித்துவிடுகிறது. அது மறுபடி வளர்ந்து சரியாவதற்கு மூன்று வாரமாவது ஆகும். காய்ச்சல் ரெண்டு மூணு நாளில் விட்டுவிடும், குதிரை புல் தின்னும், பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். அந்த நேரத்தில் முதுகில் ஆளை ஏற்றி, ஆக்சிஜன் குறைந்த உயரத்துக்கு, குளிரிலும் சாணத் தூசியிலும் ஓட்டினால், திறந்து கிடக்கும் நுரையீரலுக்குள் பாக்டீரியா புகுந்து நிமோனியாவாக மாறும். அந்த 14 விலங்குகளுக்கும் இதுதான் நடந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ‘வைரஸ் இல்லை, பாக்டீரியா’ என்று சொல்லிவிட்டால் வைரஸைப் பற்றிப் பேசுவது முடிந்துவிடாது என்றுதான் சொல்கிறேன். கழுதைக்கும் கோவேறு கழுதைக்கும் இந்த நோய் குதிரையைவிடக் கடுமையாக வருவதும் உண்டு.

இது கேதார்நாத்துக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. 2008 ஜூனில் இதே வைரஸ், எச்3என்8 வகை, ஜம்முவில் கட்ராவில் தலைகாட்டியது. வைஷ்ணோதேவி கோயிலுக்கு ஆளைச் சுமக்கும் விலங்குகள் நிற்கும் அதே கட்ராதான். நம் நாட்டில் அதற்கு முந்தைய பெரிய பரவல் 1987இல். இடையில் இருபது வருடம் கடந்துவிட்டதால், நோயைக் கண்ட விலங்கும் இல்லை, தடுப்பூசி போட்ட விலங்கும் ஏறக்குறைய இல்லை. 2009 முடிவதற்குள் மைசூர், அகமதாபாத், உத்தராகண்டின் கோபேஷ்வர் என்று ஒன்றுக்கொன்று தொலைவான ஊர்களில் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். கோபேஷ்வர் இருப்பது கேதார்நாத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில். அன்றே மலைக்கு வந்துபோன நோய் இது.

தடுப்பூசி போடாத கூட்டத்தில் இது எப்படிப் பாயும் என்பதற்கு நான் அறிந்த தெளிவான சான்று ஆஸ்திரேலியா. அங்கே அதுவரை இந்த நோய் நுழைந்ததே இல்லை, அதனால் குதிரைகளுக்குத் தடுப்பூசி போடும் வழக்கமும் இல்லை. 2007 ஆகஸ்டில் ஜப்பானிலிருந்து வந்த குதிரைகளோடு வைரஸ் சிட்னிக்குப் பக்கத்தில் இருந்த தனிமைப்படுத்தும் நிலையத்துக்குள் வந்தது, அங்கிருந்து வெளியேறியது. சில மாதங்களில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களில் ஏறத்தாழ 10,000 இடங்களில் 70,000க்கும் மேற்பட்ட குதிரைகளுக்குத் தொற்றியது. நாடு முழுவதும் குதிரைகளை நகர்த்தவே தடை போட்டார்கள். அப்புறம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். இரண்டும் சேர்ந்துதான் அந்த ஆண்டு முடிவதற்குள் நோயை நிறுத்தின. பிறகு நடந்த விசாரணையில், நிலையத்துக்குள் போய் வந்தவர்களின் உடல், உடை, கருவிகள் வழியாகவே வைரஸ் வெளியே வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். மனிதருக்கு இந்த நோய் வராவிட்டாலும் மனிதர் கையில் அது பயணம் செய்யும்.

இனி கேதார்நாத் பாதையை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான விலங்குகள் ஒரே குறுகிய வழியில் எதிரும் புதிருமாக மூக்கை உரசிக்கொண்டு போகின்றன. ஒரே பொதுத் தொட்டியில் தண்ணீர் குடிக்கின்றன. ஒரு குதிரை இருமினால் முப்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் குதிரைக்கும் அது போய்ச் சேரும். தொற்றிய பிறகு ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அறிகுறி தெரியும். அதற்குள் அது எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கும்? யாத்திரை முடிந்ததும் இவற்றில் பல சமவெளிக்கு இறங்கி, உத்தரப் பிரதேசத்துச் செங்கல் சூளைகளில் வேலை செய்கின்றன. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிக் கங்கைக் கரையில் கட்முக்தேஷ்வர் மேளாவில் குதிரையும் கழுதையும் கைமாறுகின்றன. அடுத்த சித்திரையில் எல்லாம் மறுபடி மலைக்கு வருகின்றன. இதற்குமேல் ஒரு வைரஸுக்கு என்ன வசதி வேண்டும்?

2025இல் மலையேறும் முன் அரசு கேட்டது ‘நோய் இல்லை’ என்ற பரிசோதனை முடிவை. மாதிரி எடுத்த நாளில் அந்த விலங்கிடம் வைரஸ் இல்லை என்பதை மட்டும்தான் அந்தத் தாள் சொல்லும். மறுநாள் பக்கத்துக் கொட்டிலில் கட்டினால் தொற்றிக்கொள்ளலாம். கிளாண்டர்ஸ் என்ற இன்னொரு கொடிய நோய்க்குத் தடுப்பூசியே இல்லை, அதற்குப் பரிசோதனையைத் தவிர வேறு வழி கிடையாது. குதிரைக் காய்ச்சல் அப்படி இல்லை. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் நம் நாட்டில் பிரித்தெடுத்த வைரஸைக் கொண்டே தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. சர்வதேசக் குதிரையேற்றப் போட்டிகளில் தடுப்பூசிப் பதிவு இல்லாத குதிரையை உள்ளேயே விடுவதில்லை. பந்தயத்துக்கும் போட்டிக்கும் ஓடும் குதிரைக்குக் கிடைப்பது, நம் தாய்மாரைச் சிவன் சந்நிதிக்குச் சுமக்கும் குதிரைக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

தடுப்பூசி போட்டால் நோயே வராது என்று நான் சொல்ல மாட்டேன். 2019 பிப்ரவரியில் பிரிட்டனில் தடுப்பூசி போட்ட பந்தயக் குதிரைகளுக்கே தொற்றி, ஆறு நாள் பந்தயத்தை நிறுத்தினார்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும், ஊசி மருந்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஆனால் தடுப்பூசி போட்ட குதிரைக்குக் காய்ச்சல் லேசாக வரும், அது வெளியே விடும் வைரஸும் குறையும், நிமோனியாவுக்குப் போவதும் குறையும்.

நேரக்கணக்கைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. முதல் ஊசிக்கு நாலு முதல் ஆறு வாரம் கழித்து இரண்டாவது ஊசி. அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் நல்ல எதிர்ப்புச் சக்தி இருக்கும். நடை திறப்பது ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ. பின்னோக்கி எண்ணினால் முதல் ஊசி மகா சிவராத்திரிக்குள் போட்டாக வேண்டும். நடை திறக்கும் தேதியை, குளிர்காலத்தில் கேதார்நாதருக்குப் பூசை நடக்கும் ஊக்கிமட்டில் அறிவிப்பதும் அந்த நாளில்தான். ஆனால் அந்த நாளில் பல விலங்குகள் சூளையில் செங்கல் சுமந்துகொண்டிருக்கும், அதனால் தை மாதமே உத்தரப் பிரதேசக் கால்நடைத் துறையும் கூடவே இறங்கினால்தான் இது நடக்கும். மூன்றாவது ஊசி ஐந்தாறு மாதம் கழித்து. அது மழைக்காலத்தில், யாத்திரைக் கூட்டம் குறையும் நேரத்தில் வந்து விழுகிறது. ஊசி போட்ட பின் ஓய்வு கொடுக்கவும் அதுதான் தோதான சமயம்.

குதிரைக்காரர்களைக் குற்றவாளி ஆக்கி எழுதப்படும் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. கடன் வாங்கிக் கோவேறு கழுதை வாங்கியவருக்குச் சம்பாதிக்க ஆறு மாதம்தான். ‘மூணு வாரம் கட்டிப்போடு’ என்று சொல்பவர் அந்த மூணு வாரக் கூலியை யார் தருவார் என்பதையும் சொல்ல வேண்டும். இருமும் விலங்கை அவர் மறைக்கிறார் என்றால், மறைக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலை இருக்கிறது. ஓய்வு நாளுக்கு நிவாரணத் தொகை இல்லாத எந்தத் தடையும் நோயை ஒளித்துவைக்கவே சொல்லிக்கொடுக்கும்.

இதில் உங்களால் என்ன முடியும் என்று கேட்கலாம். உங்களிடம் இருப்பது முன்பதிவு. அடுத்த சீசனுக்கான பணத்தை நீங்கள் தை, மாசியிலேயே வாங்கத் தொடங்குகிறீர்கள். அந்தச் சமயத்திலேயே உத்தராகண்ட் கால்நடைத் துறைக்கும் ருத்ரபிரயாக் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள்: சவாரி விலங்குகளுக்குப் பதிவு அட்டை கொடுக்கும்போது தடுப்பூசித் தேதியையும் அதில் எழுதுங்கள், நோயுற்ற விலங்கின் ஓய்வு நாட்களுக்கு உரிமையாளருக்குப் பணம் கொடுங்கள், அதற்காகச் சவாரிக் கட்டணத்தில் சிறிது கூட்டினாலும் நாங்கள் ஒத்துக்கொள்கிறோம். சவாரிக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுக்கும் யாத்ரீகர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். ஒரு குழு எழுதினால் கோப்பில் போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து போகும் குழுக்கள் பலவும் ஒரே மாதத்தில் எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மலையடிவாரத்தில் உங்கள் வழிகாட்டி இன்னொன்றும் செய்யலாம். மூக்கில் சளி வடியும் குதிரை, வறட்டு இருமல் இருமும் குதிரை, தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் குதிரை வந்தால் அதில் யாரையும் ஏற்றாமல், அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஒரு குதிரைக்குத் தீனி ஊட்டிய கையாலேயே அடுத்ததன் மூக்கைத் தடவுவதையும் தவிர்க்க உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள்.

கடித வரைவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் குழுவுக்கெல்லாம் அனுப்புகிறேன், உங்கள் பெயரையும் தேதியையும் போட்டுத் தை மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு கால்நடை மருத்துவர்