புதுவைப் பாரம்பரிய விடுதிகள்: எந்த அறை என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினாலே புதுச்சேரியின் பழைய நகரமான பூல்வார் பகுதியின் பழைய வீட்டு விடுதிகளுக்குக் கிராக்கி ஏறிவிடுகிறது. முன்பதிவு செய்பவர்கள் முகப்புப் படத்தையும் முற்றத்துப் படத்தையும் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். தங்கியபின் ஈர வாடை, ஏசி குளிரவில்லை, குளியலறையில் நாற்றம் என்று குறைப்படுகிறார்கள். இதற்கெல்லாம் ஊழியர்களைக் கடிந்து பயனில்லை. பெரும்பாலும் காரணம் அந்த வீட்டின் கட்டுமானத்தில் இருக்கிறது. அதனால் பதிவுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எங்களுக்குத் தரும் அறை பழைய கட்டடத்திலா, பின்கட்டில் புதிதாக எழுப்பியதிலா?" பழமைக்கென்று கூடுதல் வாடகை கொடுத்துவிட்டுப் புதுக் கான்கிரீட் அறையில் படுப்பவர்கள் உண்டு.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதிப் பக்கம் உயர்ந்த மதிலும் உள்ளே தோட்டமும் வளைவுகளும் கொண்ட பிரெஞ்சு வீடுகள். மேற்கே தெருத் தாழ்வாரமும் திண்ணையும் முற்றமும் உள்ள தமிழ் வீடுகள். கீழ்த்தளம் தமிழ்ப் பாணியிலும் மேல்தளம் பிரெஞ்சுப் பாணியிலும் அமைந்த வீடுகளை வைசியாள் வீதியில் வரிசையாகப் பார்க்கலாம். அந்த வீதியைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. முற்றத்து வீட்டில் கீழ்த்தள அறைக்குப் பெரும்பாலும் முற்றத்தைப் பார்த்த சன்னல்தான். காலையில் பாத்திரச் சத்தமும் பேச்சும் நேரே உள்ளே வரும். சத்தம் கேட்டால் தூக்கம் கலைபவர்கள் மேல்தள அறை கேட்பது நல்லது. ஆனால் பல வீடுகளில் லிஃப்ட் வைக்க இடமில்லை, மரப்படி செங்குத்தானது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் கீழ்த்தளமே சரி.

சுவர் விஷயம்தான் முக்கியம். இவை சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கனத்த செங்கல் சுவர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பிறகு தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் கொப்பளித்து உதிரும். அறைக்குள் நுழைந்ததும் கட்டிலுக்குப் பின்னால், அலமாரிக்குக் கீழே சுவரைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொடி விரலில் ஒட்டினால் வேறு அறை கேளுங்கள். ஊதுவத்தியாலும் வாசனைத் தெளிப்பானாலும் அந்த வாடை போகாது.

மேற்கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள்மேல் மெல்லிய செங்கல்லை மூலைவாட்டில் செங்குத்தாகப் பதித்து, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். மழைநீர் முதலில் கெடுப்பது சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனையை. அங்கே கறை தெரிந்தால் ஒழுக்கு பழையது என்று அர்த்தம். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடமே இடிந்து விழுந்ததை மறந்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையைத் தவிர்க்கலாம்.

ஏசிக்குக் கணக்கு இருக்கிறது. 12க்கு 14 அடி அறை 10 அடி உயரமென்றால் 1,680 கன அடி. பழைய வீட்டின் 15 அடி உயரத்துக்கு அதே அறை 2,520 கன அடி. சாதாரண அறைக்குப் போதுமான ஒரு டன் ஏசி இங்கே திணறும். சாய்ந்த மரச் சட்டங்கள் வைத்த சன்னல் வழியே குளிர் கசியவும் செய்யும். எத்தனை டன் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

குளியலறை நாற்றத்துக்குக் காரணம் பல நேரம் நானி டிராப், அதாவது தரையில் தண்ணீர் போகும் வழியில் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் பொறி. அறை சில நாள் பூட்டிக் கிடந்தால் அதில் நிற்கும் தண்ணீர் வற்றி, சாக்கடைக் காற்று மேலே வருகிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும். அடங்காவிட்டால் குழாயிலேயே கோளாறு, அறையை மாற்றச் சொல்லுங்கள்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். அங்கே தங்குபவர்கள் அதற்குமுன் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் எந்தக் குறுக்கு வீதியில் இறங்குவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாடகை ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீத ஜிஎஸ்டி, தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறை 7,770 ஆகும், 7,600 ரூபாய் அறை 8,968 ஆகிவிடும். சனி, ஞாயிறு வாடகை இந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

பழைய வீடுகளை இடிக்காமல் விடுதியாக்கிக் காப்பாற்றும் உரிமையாளர்கள் பாராட்டுக்குரியவர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்து ஆண்டுதோறும் மராமத்து பார்ப்பது பெருஞ்செலவு. அப்படிச் செலவழிப்பவருக்கும் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் கான்கிரீட் எழுப்பியவருக்கும் ஒரே பெயர்ப்பலகை, ஒரே வாடகை என்பது நியாயமில்லை. புதுவை அரசின் சுற்றுலாத் துறை, பாரம்பரியம் என்ற பெயரில் இயங்கும் ஒவ்வொரு விடுதியும் அறைவாரியாகப் பழைய கட்டடமா புதியதா, எந்தத் தளம், எத்தனை படி, சன்னல் எந்தப் பக்கம் என்ற நான்கு விவரங்களைத் தன் விளம்பரத்திலும் வரவேற்பு மேசையிலும் வெளியிட வேண்டுமென உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.