கண்மாய்ப் பன்றிகளைக் கோடையிலேயே அகற்றுங்கள்: வனத்துறைக்கு ஒரு மானாவாரி விவசாயியின் திறந்த மடல்

மதிப்புக்குரிய வனத்துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இந்த மார்கழிக் கடைசியில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வடக்கே உள்ள புஞ்சைகளில் மக்காச்சோளம் மறுபடியும் படுத்துவிட்டது. காற்றுமழையில் சாயவில்லை. கதிர் பால் பிடித்து மணி திரளும் நேரம் பார்த்துப் பன்றிக் கூட்டம் இறங்கியிருக்கிறது. பன்றி ஒரு கதிரைத் தின்பதற்குத் தட்டையை நெஞ்சால் அழுத்திச் சாய்க்கும். பாதிக் கதிரைக் கடித்துவிட்டு அடுத்த தட்டைக்குப் போய்விடும். தின்றதைவிட மிதித்ததும் ஒடித்ததும்தான் அதிகம். வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு ஓரத்துப் பயிர் நிமிர்ந்து நிற்பதுதான் தெரியும். உள்ளே நடந்து போனால்தான் வட்டம் வட்டமாகத் தரை தெரியும். சேதம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வரப்போடு திரும்பிவிடுவதால் இதைச் சொல்கிறேன்.

காட்டுப்பன்றிப் பிரச்சினையை உங்களுக்கு நான் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட ஏற்பாடு உங்கள் துறையில் தயாரானதுதான். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். இதை முடிவு செய்யக் கிராம அளவில் ஒரு குழு. அறிவிப்பைப் படித்து நாங்கள் உண்மையாகவே மகிழ்ந்தோம். எங்கள் கண்மாய் எந்தக் காப்புக்காட்டுக்கும் 3 கிலோமீட்டருக்குள் இல்லை. ஆக, அந்த ஆணை எங்களுக்காகவே போட்டது போல இருந்தது. அதற்குப் பிறகும் உழுதோம், ஊன்றினோம், இழந்தோம். எங்கள் ஊரில் அந்தக் குழு ஒரு முறைகூடக் கூடவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். எங்கள் கண்மாய்க்குள் குடியேறியிருக்கும் பன்றிக் கூட்டத்தைக் கோடையில், புரட்டாசி விதைப்புக்கு முன், முழுதாக அகற்றுங்கள்.

கோடையில் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மனுக்கள் எல்லாமே மார்கழியிலும் தையிலும்தான் உங்கள் அலுவலகங்களுக்கு வருகின்றன, பயிர் சாய்ந்த பிறகுதானே வயிறு எரிகிறது. அப்போது ஆள் அனுப்பினாலும் பயனில்லை. தலைக்கு மேல் மக்காச்சோளம் நிற்கிறது. கண்மாயில் தண்ணீர் நிற்கிறது. பன்றி எங்கே வேண்டுமானாலும் படுக்கும், எதை வேண்டுமானாலும் தின்னும். நிற்கும் பயிருக்குள் துப்பாக்கியோடு நுழைவது யாருக்கும் நல்லதல்ல. சித்திரை, வைகாசியில் நிலைமை வேறு. கண்மாய் வற்றி, மடைக்கருகே உள்ள பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் சேறும் தண்ணீரும் இருக்கும். புஞ்சையில் ஒரு தட்டைகூட இராது. மொத்தக் கூட்டமும் அந்த ஒரே பள்ளத்துக்கு வந்தாக வேண்டும். இரை வைத்துப் பட்டி போட்டுப் பிடிப்பதற்கு அதைவிட வாகான காலம் ஆண்டில் இல்லை. ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்த விஷயம், எங்கள் மனு எதற்கும் வந்த பதிலில் இடம்பெறவில்லை.

எங்கள் புஞ்சைக்கு அடுத்தது ஓர் அக்காவின் குத்தகைப் புஞ்சை. கணவர் இல்லை. இரண்டு ஏக்கரில் மக்காச்சோளமும் வரப்போரம் கொஞ்சம் உளுந்தும் போட்டிருந்தார். விதை ஊன்றிய மறுநாள் இரவே பன்றி வந்து, விதை ஊன்றிய உழவுச் சால் வழியே நேராகப் போய், குழிக்குக் குழி விதையை எடுத்துத் தின்றுவிட்டது. கடன் வாங்கி மறுபடி விதை வாங்கினார். டவுனுக்குப் போய்ப் பழைய சேலைகளைக் கிலோக் கணக்கில் வாங்கி வந்து, கம்பு நட்டு, புஞ்சையைச் சுற்றிக் கட்டினார். கொஞ்ச நாள் அது தாங்கியது. பிறகு பன்றிகள் சேலைக்கு அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு உள்ளே போகப் பழகிவிட்டன. முடிதிருத்தும் கடையிலிருந்து முடி கொண்டுவந்து தூவினார். ஒரு மழையில் அது போயிற்று.

அதற்குப் பிறகு இரவுக் காவல். தார்ப்பாய் கட்டிய குடிசை, ஒரு டார்ச், தட்டுவதற்கு ஒரு தகரம். மார்கழிப் பனியில், கண்ணாடி விரியன் நடமாடும் கரிசலில், இரவெல்லாம் விழித்திருந்து தகரம் தட்டிவிட்டு, விடிந்ததும் நூறு நாள் வேலைக்குப் போவார். மகன் பத்தாம் வகுப்பு. அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் அரையாண்டுத் தேர்வு நேரத்திலும் டார்ச் வெளிச்சத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தான். காய்ச்சலில் அவர் வீட்டில் படுத்துவிட்ட இரவில் பன்றி இறங்கிவிட்டது. அறுப்புக்கு மூன்று வாரம் இருந்தது.

இழப்பீட்டுக்கு மனுக் கொடுக்கப் போனோம். சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் சான்று வேண்டும், புகைப்படம் வேண்டும் என்றார்கள். படம் இருக்கிறது. சிட்டா நிலத்துக்காரர் பெயரில். அவர் வெளியூரில் இருக்கிறார். குத்தகை வாய்ப் பேச்சுத்தான். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு உரிமை கோருவார்களோ என்ற பயத்தில் எந்த நிலத்துக்காரரும் எங்கள் பக்கம் எழுதிக் கொடுப்பதில்லை. ஆக, விதைத்தவருக்கு, காவல் காத்தவருக்கு, இழந்தவருக்கு அரசின் கணக்கில் பெயரே இல்லை. கடன் மட்டும் அவர் பெயரில் இருக்கிறது. அலுவலகத்து வராண்டாவில் அந்த அக்கா, "பணம்கூட வேண்டாம் சார், அடுத்த வருஷம் பன்றி வராமல் செய்துவிடுங்கள்" என்றுதான் கேட்டார். அதற்கு அங்கே இருந்தவர்களிடம் பதில் இல்லை. நான் இந்த மடலை எழுத அதுதான் காரணம்.

சிலர் இதைக் காட்டு விலங்குக்கும் மனிதனுக்குமான சண்டையாகப் பேசுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பன்றிக்கு உரிமை இருக்கிறது. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் அது இரை. காட்டு மண்ணைக் கிளறிவிடுவதும் அதுதான். அங்கே ஒரு பன்றியையும் தொடச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் கரிசலில் அதை வேட்டையாடும் விலங்கு எதுவும் இல்லை. என் அப்பா காலத்தில் இந்தப் புஞ்சைகளில் பன்றிக் காவல் என்ற ஒன்றே கிடையாது. கம்புக்கும் சோளத்துக்கும் குருவிக் காவல்தான். கம்பும் சோளமும் போய் நாமக்கல் கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் வந்தது. கண்மாயைச் சீமைக்கருவேலம் மூடியது. தின்னத் தீனியும் பதுங்க முள்காடும் கிடைத்ததும் பன்றி வந்து சேர்ந்தது. சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள்தான். ஓர் ஈற்றுக்கு 4 முதல் 6 குட்டிகள் சாதாரணம். ஒரு வயதுக்குள் பெட்டைக்குட்டி தானும் சினைபிடிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். இரையும் மறைவும் இருந்து, கொல்லும் விலங்கு இல்லாத இடத்தில் இது எப்படிப் பெருகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

2022இல் அயல் ஊடுருவித் தாவரங்களை அகற்ற இந்த மாநிலம் ஒரு கொள்கையே வெளியிட்டது. சீமைக்கருவேலம் மண்ணுக்கும் நீருக்கும் செய்யும் கேட்டை உங்கள் துறை ஏற்றுக்கொண்டது. அந்த முள்ளுக்கு அடியில் குடியிருக்கும் பன்றியையும் அதே கண்ணோடு பாருங்கள் என்கிறேன். உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் பன்றியும் இருக்கிறது. நம் நாட்டில் அது சொந்த விலங்குதான். ஆனால் தன் காட்டை விட்டு, தான் இராத நிலத்தில் ஊன்றிக்கொள்ளும்போது அது செய்வது ஓர் ஊடுருவியின் வேலையேதான். தொடக்கத்தில் பிடிக்காமல் விட்டால் பிறகு பிடிக்க முடியாது என்பதற்குக் கனடாவே சாட்சி. 1980களிலும் 90களிலும் இறைச்சிப் பண்ணைகளுக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றியை அங்கே கொண்டுவந்தார்கள். விலை போகாமல் பண்ணைகள் நொடித்தபோது பன்றிகள் தப்பின, சில இடங்களில் அவிழ்த்தே விடப்பட்டன. உறைபனியில் செத்துவிடும் என்று நினைத்தார்கள். இன்று சஸ்காட்செவன், மனிடோபா, ஆல்பர்ட்டா மாகாணங்களின் சமவெளி எங்கும் அவை பரவிக் கிடக்கின்றன.

அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட இன்னொன்றுதான் உங்களுக்கு மிக முக்கியம். பன்றியை ஒன்றிரண்டாகச் சுட்டால் கூட்டம் சிதறும். சிதறிய ஒவ்வொரு துண்டும் புது இடத்தில் புதுக் கூட்டமாகும். மிஞ்சியவை பகலில் தலைகாட்டாது, முழுக்க இரவு நடமாட்டத்துக்கு மாறிவிடும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இயற்கைப் பாதுகாப்புத் துறை 2016இல் தன் நிலங்களில் பொதுமக்கள் பன்றி வேட்டையாடுவதையே தடை செய்தது. கனடாவின் ஒன்டாரியோ 2022 தொடக்கத்தில் தடை போட்டது. பன்றிமேல் இரக்கப்பட்டுப் போட்ட தடைகள் அல்ல இவை. பன்றியை ஒழிக்க வேட்டை தடையாக இருந்ததால் போட்டவை. அவர்கள் செய்வது, அகலமான கம்பிப் பட்டி அமைத்து, திறந்த வாசலில் பல நாள் இரை வைத்துப் பழக்கி, கேமராவில் கூட்டம் முழுவதும் உள்ளே வந்தது தெரிந்த பிறகுதான் கதவை விழவிடுவது. தாய்ப்பன்றி ஒன்று வெளியே நின்றாலும் காத்திருப்பார்கள்.

ஆகவே, ஆணையில் சுடலாம் என்று இருக்கிறதே என்பதற்காக ஒரு நாள் வந்து இரண்டு பன்றியைச் சுட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். அது எங்களுக்கு உதவி ஆகாது. பக்கத்து ஊருக்கும் பன்றியைப் பங்கிட்டுக் கொடுத்தது போல் ஆகும். முழுக் கூட்டம். கோடையில். விதைப்புக்கு முன்.

பிடித்ததை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி இருக்கிறது. 3 கிலோமீட்டருக்குள் பிடிப்பவற்றைக் காட்டில் விடும் ஏற்பாட்டையும் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள். 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது உங்களுக்குத் தெரியும். ஊர்ப்பன்றியோடு கலந்து திரியும் கண்மாய்ப் பன்றியைக் கொண்டுபோய்க் காட்டில் விடுவது காட்டுக்கும் கேடு. கால்நடை மருத்துவரை வைத்துக்கொண்டு, வேதனைப்படுத்தாமல் முடித்துப் புதைப்பதே சரி என்பது என் கருத்து. கறி விற்பனைக்கு ஒருபோதும் வழி திறந்துவிடாதீர்கள். பன்றிக்கு ஒரு விலை வந்துவிட்டால், அதை மிச்சம் வைத்து வளர்க்கவும் ஆள் வருவார்கள்.

சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று எங்களிடம் சொல்லி அனுப்புகிறார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, இரண்டாம் அட்டவணை விலங்கு உயிருக்கோ உடைமைக்கோ, நிற்கும் பயிர் உட்பட, ஆபத்தாகும்போது அனுமதி அளிக்கும் அதிகாரத்தைத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் அளித்த அலுவலருக்கும் தருகிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இருப்பது அந்த இரண்டாம் அட்டவணையில்தான். கேரளம் 2022இலேயே அனுமதி கொடுக்கும் பொறுப்பை உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்தது. அதேபோல் எங்களுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கள்ளத் துப்பாக்கியும், இரைக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும், மின்வேலியும் என்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பயிரைக் காக்க வைத்த மின்வேலியில் 3 யானைகள் செத்து விழுந்தன. அந்தச் செய்திக்குப் பிறகு மின்வேலிச் சோதனை நடந்தது, வழக்குகள் வந்தன. நியாயம்தான். ஆனால் ஒரு விவசாயி ஏன் கம்பியில் மின்சாரம் விடும் நிலைக்குப் போகிறான் என்பதைச் சோதிக்க எந்தக் குழுவும் ஊருக்குள் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழை பொய்த்தால் வறட்சி நிவாரணம் கேட்டு நிற்கிறோம். 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோதும் நின்றோம். விலை விழுந்தால் வியாபாரி முன் நிற்கிறோம். கண்மாய் ஒரு துறைக்கு, அதில் உள்ள முள் இன்னொரு துறைக்கு, முள்ளுக்குள் இருக்கும் பன்றி உங்கள் துறைக்கு, சாய்ந்த பயிரின் கணக்கு வேளாண் துறைக்கு. குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நால்வரும் ஒரே மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மனு அடுத்தவருக்குக் கைமாறுவதைக் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். கருவேலத்தை வெட்டினால் பன்றி ஓடிவிடும் என்கிறார் ஒருவர். பன்றியைப் பிடிக்காமல் வெட்டினால் அது அடுத்த கண்மாய்க்குத்தான் ஓடும். இரண்டும் ஒரே கோடையில் நடக்க வேண்டும், முதலில் பன்றி, பிறகு முள். அந்த வரிசையை முடிவு செய்யக்கூட நாங்கள்தான் நான்கு அலுவலகம் அலைய வேண்டுமா?

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் களப் பணியாளர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பெரும் பரப்பைச் சில பேர் பார்க்கிறார்கள். பட்டியும் கேமராவும் அவர்கள் கையில் கொடுக்கப்படவே இல்லை. அவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

மாசிக்குள் கிராமக் குழுவைக் கூட்டுங்கள். குத்தகைக்காரரையும் அதில் பேச விடுங்கள். பயிர் வைத்தவர் இன்னார் என்று அந்தக் குழுவே சான்று தந்தால் இழப்பீடு உரியவருக்குப் போகும். பங்குனியில் கண்மாயில் கேமரா வைத்துக் கூட்டத்தை எண்ணுங்கள். சித்திரை, வைகாசியில் பட்டி போட்டு முழுதாகப் பிடியுங்கள். ஆடிக்குள் முள்ளை அகற்ற உரிய துறையிடம் நீங்களே பேசுங்கள். இத்தனையும் உங்கள் ஆணைக்கு உட்பட்டவைதான், புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

கண்மாய்க்குள் பன்றித் தடம் எது, பகலில் படுக்கும் இடம் எது, தண்ணீருக்கு வரும் நேரம் எது என்று காட்ட எங்கள் ஊரில் ஆள் இருக்கிறார்கள். பட்டிக்குக் குழி தோண்டவும், இரைக்கு மக்காச்சோளம் கொடுக்கவும் நாங்கள் தயார். வரும் தேதியை மட்டும் முன்கூட்டியே ஊராட்சி அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
கரிசல் பகுதி மானாவாரி விவசாயி ஒருவர்