புகார் கடிதம்: ரொட்ரீக்ஸ் தீவில் கேட்ட கரை ஒன்று, கொடுத்த கரை வேறொன்று

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
உள்நாட்டுச் சுற்றுலாப் பிரிவு,
தலைமை அலுவலகம், போர்ட் லூயிஸ்.

பொருள்: நீச்சலுக்கு உகந்த கடற்கரை வீடு என்று உறுதியளித்துவிட்டு, நீந்த இயலாத தென்கரையில் எங்களைத் தங்கவைத்தமை, கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஆடி மாதம், பள்ளிகளின் குளிர்கால விடுமுறையின்போது, தங்கள் நிறுவனத்தின் வழியாக, நம் மொரிஷியஸ் நாட்டைச் சேர்ந்த ரொட்ரீக்ஸ் தீவுக்குச் சென்றுவந்த எங்கள் குடும்பத்தின் சார்பில் இக்கடிதத்தை எழுதுகிறேன். தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் நேரிலும் முறையிட்டு ஓய்ந்துபோன பிறகே இதை எழுத அமர்ந்தேன். கோவில் திருவிழாவின்போது தாங்கள் வழங்கிய தமிழ்த் துண்டறிக்கையைக் கண்டுதான் தங்களை நாடினோம். ஆதலால் தமிழிலேயே எழுதுகிறேன். தங்கள் அலுவலர்களின் வசதிக்காகப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் முன்பதிவு ஆவணங்களின் நகல்களும் இணைக்கப்பட்டுள்ளன.

முன்பதிவு செய்த நாளில் எங்கள் தேவை என்ன என்பதைத் தெளிவாகவே சொல்லியிருந்தேன். என் துணைவியாரின் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பேரப்பிள்ளைகள் நீந்தக் கற்றவர்கள். படியேறாமல் தங்குவதற்கும், கடல் வற்றும் நேரம் பார்த்துக் காத்திராமல் தண்ணீரில் இறங்குவதற்கும் ஏற்ற இடம் வேண்டும் என்றேன். தீவின் கிழக்குக் கரையில் புவான்த் கொத்தோனிலோ சென் பிரான்சுவாவிலோ அமைந்தால் நலம் என்று ஊர்ப்பெயர்களையும் குறிப்பிட்டேன். பதிவு செய்த பெண்மணி அவற்றைக் கணினியில் ஏற்றியதை என் கண்ணால் கண்டேன். 'கடற்கரை வீடு, நீச்சலுக்கு உகந்தது, முதியவர்களுக்கும் ஏற்றது' என்று தாங்கள் அனுப்பிய உறுதிக்கடிதமும் என்னிடம் உள்ளது. ஆனால் ப்ளேன் கொராய் விமான நிலையத்தில் எங்களை ஏற்றிக்கொண்ட வண்டி சென்று நின்றதோ தெற்குக் கரையில் முருக் என்ற ஊரை அடுத்த ஒரு மேட்டில். சாலையிலிருந்து வீட்டு வாசலை அடையக் கருங்கல் படிகள் ஏற வேண்டியிருந்தது. அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து என் மகனும் வண்டியோட்டியும் தூக்கிச் சென்றார்கள்.

ரொட்ரீக்ஸ் பயணத்தையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு அத்தீவின் கரைகளைப் பற்றி ஒரு பள்ளி ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டியிருப்பது எனக்கே வருத்தமாக உள்ளது. அந்தத் தீவின் நிலப்பரப்பு 108 சதுர கிலோமீட்டர். அதைச் சூழ்ந்து, கரைக்கும் பவளத்திட்டுக்கும் இடையே அடங்கிய கடலான லகூனின் பரப்போ அதைவிடப் பெரியது. கிழக்கில் பவளத்திட்டு கரையை ஒட்டியே செல்வதால் புவான்த் கொத்தோன் பக்கம் இறங்கிய சில அடிகளிலேயே நீந்தத்தக்க ஆழம் கிடைக்கும். தெற்கிலும் மேற்கிலும் பவளத்திட்டு கரையை விட்டு வெகுதூரம் விலகி நிற்கிறது. இடையில் உள்ள லகூன் ஆழமற்றது. கடல் வற்றினால் மணலும் சேறும் பாசியும் வெளியே தெரியும். மொரிஷியஸ் கரைகளில் ஓதம் ஏறி இறங்குவதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ரொட்ரீக்ஸில் அதைக் கவனிக்காமல் ஒரு நாளைக் கழிக்க இயலாது. நாங்கள் விழித்தெழுந்த முதல் காலையில், எங்கள் சன்னலுக்கு நேரே, தீவுப் பெண்கள் இரும்புக் கம்பிகளை ஏந்திக்கொண்டு லகூனின் நடுவில் நடந்தபடி எண்காலி (ஆக்டோபஸ்) பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் மனிதர்கள் நடந்து தொழில் செய்யும் ஆழமற்ற நீரைக் குழந்தைகள் நீந்துவதற்கு உகந்த கடல் என்று எந்த அடிப்படையில் எழுதிக் கொடுத்தீர்கள்?

நீர் ஏறிய நேரத்திலும் எங்களுக்கு விடிவு பிறக்கவில்லை. மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்கிழக்குக் காற்று ஓயாமல் வீசுகிறது. கைட் சர்ஃபிங் எனும், பட்டத்தின் இழுவையில் நீரில் சறுக்கும் விளையாட்டைப் பயில்வோர் உலகின் பல நாடுகளிலிருந்தும் முருக்கைத் தேடி வருவது இந்தக் காற்றுக்காகத்தான். இளைஞர்கள் காற்றை நாடி அங்கே தங்குவது பொருத்தமே. அவர்களுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. ஆனால் முதியவரும் சிறுவர்களும் உள்ள ஒரு குடும்பத்தை ஆடி மாதத்தில் அதே கரையில் கொண்டுபோய் இறக்குவது எந்த வகையில் நியாயம்? திண்ணையில் அமர்ந்து ஒரு கோப்பைத் தேநீர் அருந்தக்கூட அந்தக் காற்று விடவில்லை. அத்தை பெரும்பாலான நேரம் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தார்கள். தீவுப் பயணத்தில் எந்தக் கரையில் தங்குகிறோம் என்பதைப் பொறுத்தே மற்ற அனைத்தும் அமையும். கரை மாறினால் கடல் மாறுகிறது, காற்று மாறுகிறது, ஒவ்வொரு நாளும் எப்படிக் கழியும் என்பதே மாறிவிடுகிறது. இது தெரியாமல் ஒருவர் இத்தொழிலில் நீடிக்க முடியாது. தெரிந்தே செய்தீர்கள் என்றுதான் நான் கருத வேண்டியுள்ளது.

அங்கிருந்து தங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தோம். பேசிய இளைஞர், 'த்ரூ தார்ஜானுக்குப் போங்கள், தீவிலேயே அழகான கடற்கரை அதுதான்' என்றார். அழகான இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு வண்டிப்பாதை கிடையாது. சென் பிரான்சுவாவிலிருந்தோ கிராவியேயிலிருந்தோ கரையோர ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் போக வேண்டும். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மூதாட்டி எங்களுடன் இருப்பதை அவரிடம் மீண்டும் சொன்னேன். அதற்கு அவர் கூறிய மறுமொழி: 'அப்படியென்றால் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.' மேலாளர் அவர்களே, இப்படி ஒரு வார்த்தையை எங்கள் குடும்பத்தில் எவரும் இதுவரை கேட்டதில்லை. அத்தைக்காகவே திட்டமிட்ட பயணம் அது. கைப்பேசியின் ஒலிபெருக்கி திறந்திருந்ததால் அவர்களும் அதைக் கேட்டுவிட்டார்கள். அன்று இரவு அவர்கள் உணவைத் தொடவில்லை.

ஊர் திரும்பிய பின் நடந்தது இதைவிடக் கொடுமை. எங்கள் கோப்புடன் மேலாளர் காலையிலேயே தயாராக இருப்பார் என்று தொலைபேசியில் சொல்லப்பட்டதை நம்பி, ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோவில் போர்ட் லூயிஸ் அலுவலகத்துக்கு வந்தேன். நண்பகல் வரை நாற்காலியில் காத்திருந்த பிறகு, மேலாளர் கிராண்ட் பே கிளையில் இருப்பதாகவும் கோப்பும் அங்கேதான் இருப்பதாகவும் தெரிவித்தார்கள். வெயிலில் பஸ் பிடித்துக் கிராண்ட் பே போய்ச் சேர்ந்தேன். அங்கே, கோப்பு போர்ட் லூயிஸை விட்டு நகர்ந்ததே இல்லை என்றார்கள். இரண்டு அலுவலகங்களும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் தொலைபேசி உண்டு. அந்த ஒரு அழைப்பைச் செய்ய எவருக்கும் மனம் வரவில்லை. கிராண்ட் பே கிளையின் முகப்பு மேசையில் இருந்தவர், எதிரில் நின்ற மற்ற வாடிக்கையாளர்கள் காதில் விழும்படியாகவே, 'ஓய்வூதியம் வாங்குகிறவர்தானே, உங்களுக்கு நேரத்துக்கு என்ன குறை' என்று கிரியோல் மொழியில் சொன்னார். கடலில் நீர் வற்றுவதற்கும் நிறுவனமா பொறுப்பு என்றும் கேட்டார். அவருடைய பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. அன்று மேசையில் யார் இருந்தார் என்பது தங்கள் பதிவேட்டில் இருக்கும். வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் நின்று மதிப்போடு பிழைத்தவன் நான். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கும்வரை இந்த விவகாரம் முடிந்ததாக நான் ஏற்கமாட்டேன்.

அந்த வீட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியவை உள்ளன. ஆடி மாதத்தில் நாங்கள் புலால் உண்பதில்லை என்பது முன்பதிவுப் படிவத்திலேயே எழுதப்பட்டிருந்தது. முதல் இரவு மேசையில் வைக்கப்பட்டவை எண்காலிக் குழம்பும் பன்றி இறைச்சியும். வீட்டுக்காரப் பெண்மணி மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவரிடம் யாருமே சொல்லவில்லை. செய்தி அறிந்ததும் பதறிப்போய், சிவப்பு அவரைக்கொட்டையை வேகவைத்து, சோளத்தைச் சமைத்து, எலுமிச்சை ஊறுகாயுடன் அன்போடு பரிமாறினார். தங்கள் நிறுவனத்தோடு தொடர்புடையவர்களில் எங்களிடம் மனிதத்தன்மையோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவரே. மறுநாள் மாலை தொட்டியில் நீர் தீர்ந்துபோயிற்று. ரொட்ரீக்ஸில் தண்ணீர்த் தட்டுப்பாடு நெடுங்காலமாக உள்ளது. வறண்ட மாதங்களில் குழாயில் நீர் விட்டு விட்டுத்தான் வரும். ஆகையால் விருந்தினரை அனுப்புமுன் சேமிப்புத் தொட்டியின் கொள்ளளவை விசாரிக்க வேண்டியது முகவரின் கடமை. எங்கள் குடும்பத்தார் அத்தனை பேருக்கும் அந்தத் தொட்டி எப்படிப் போதும்?

இனி, எனக்கு மிகுந்த வேதனை தந்த ஒன்றைக் கூறுகிறேன். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் வாடகை வண்டி அமர்த்தி, மோன் லுபேன் மேட்டின் வழியாகத் தீவைக் கடந்து புவான்த் கொத்தோனுக்குப் போனோம். பஸ் மாறி மாறி முதியவரை அழைத்துச் செல்வது இயலாது. மாலைக்குள் பஸ்களும் ஓய்ந்துவிடுகின்றன. அங்கே வெண்மணலும் தெளிந்த நீரும் இருந்தன. பேரப்பிள்ளைகள் மதியம் வரை கரையேறவே இல்லை. அத்தை கால்களை நனைத்துக்கொண்டு நின்றார்கள். அப்பகுதியில் விசாரித்தபோது, விருந்தினர் இல்லம் ஒன்றில் தரைத்தள அறைகள் காலியாக இருப்பது தெரியவந்தது. உடனே தங்கள் உதவி எண்ணுக்கு அழைத்து, எங்களை அங்கே மாற்றிவிடுமாறும், கூடுதல் கட்டணம் இருந்தால் செலுத்தச் சித்தமாக இருப்பதாகவும் கெஞ்சிக் கேட்டேன். அந்த இல்லத்துடன் தங்களுக்கு ஒப்பந்தம் இல்லை என்று பதில் வந்தது. எந்த வீட்டுடன் ஒப்பந்தம் உள்ளதோ அந்த வீட்டுக்கு, அது எந்தக் கரையில் இருந்தாலும், எங்களை அனுப்புவது முதலிலேயே முடிவாகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்படியானால் எங்கள் தேவைகளை அவ்வளவு கனிவாகக் கேட்டுக் கணினியில் பதிந்தது எதற்காக? கிழக்குக் கரையில் வீடு இல்லை என்று அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால், வேறு முகவரிடம் போயிருப்போம், அல்லது பயணத்தைத் தள்ளிவைத்திருப்போம்.

எங்களுக்கு நேர்ந்த இழப்பைப் பணத்தால் மட்டும் அளக்க இயலாது. வெளிநாட்டில் வேலை செய்யும் என் மகனுக்கு அரிதாகக் கிடைத்த விடுமுறை அது. நான்கு தலைமுறையினர் ஒரே கூரையின் கீழ் கூடும் வாய்ப்பு எங்கள் குடும்பத்துக்கு இனி ஒருபோதும் அமையப்போவதில்லை. அத்தை மறுபடி விமானம் ஏறுவார்களா என்பது கடவுளுக்கே வெளிச்சம். வாழ்நாள் சேமிப்பில் ஒரு பகுதியையும், முதியவர் ஒருவரின் கடைசி ஆசையையும், பிள்ளைகளின் மகிழ்ச்சியையும் தங்கள் நிறுவனம் பறித்துக்கொண்டது. இதற்கு ஈடாகத் தாங்கள் மின்னஞ்சலில் அனுப்பியதோ, அடுத்த ஆண்டு அதே வீட்டில் தங்குவதற்கான சலுகைச் சீட்டு. அதை ஏற்க இயலாது என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்களுடன் பகைமை பாராட்டுவது என் நோக்கமில்லை. நமது சமூகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்தும் நிறுவனம் என்ற மதிப்பு இன்னும் என் மனத்தில் உள்ளது. நேர்மையாகத் தீர்த்துவைத்தால் இத்துடன் முடித்துக்கொள்ள விரும்புகிறேன். தங்குமிடத்துக்கும் உணவுக்கும் செலுத்திய தொகை முழுவதையும், புவான்த் கொத்தோன் செல்ல நாங்கள் அமர்த்திய வண்டியின் வாடகையையும் திருப்பித் தர வேண்டும். தொலைபேசியில் அத்தையை இழிவாகப் பேசியவரும், கிராண்ட் பே மேசையில் என்னை அவமதித்தவரும் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தங்கள் துண்டறிக்கையில் ஒவ்வொரு வீட்டின் பெயருக்கு அருகிலும், அது எந்தக் கரையில் உள்ளது, கடல் வற்றும்போது நீந்த இயலுமா, படிகள் உண்டா என்பவற்றை அச்சிட வேண்டும். அடுத்த தைப்பூசக் காவடியின்போதும் தாங்கள் கோவில் வாசலில் இதே அறிக்கையை வழங்குவீர்கள். வேறொரு குடும்பம் எங்களைப் போல நம்பிச் செல்லக்கூடாது.

இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதில் வராவிட்டால், வர்த்தக மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அமைச்சின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும், தங்களுக்கு உரிமம் வழங்கியுள்ள சுற்றுலா ஆணையத்திலும் ஆவணங்களுடன் புகார் பதிவு செய்வேன். அதற்கும் தாங்கள் அசையவில்லையென்றால், மாவட்ட நீதிமன்றத்தில் சிறு தொகைக் கோரிக்கைகளுக்கான நடைமுறையின்படி வழக்குத் தொடுப்பேன். என் மருமகள் வழக்கறிஞர் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அந்த நிலை வராமல் தாங்களே முன்வந்து தீர்ப்பீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன். பதிலைத் தபாலில் அனுப்புங்கள். மீண்டும் என்னை எந்த அலுவலகத்துக்கும் வரச்சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்.

இணைப்பு: உறுதிக்கடிதம், முன்பதிவுப் படிவம், கட்டண ரசீது, வாடகை வண்டி ரசீது, கடல் வற்றிய நேரத்தில் வீட்டுச் சன்னலிலிருந்து எடுத்த படங்கள்.